‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’: பழைய எக்ஸ்பி கணினியை ஃபார்மேட் செய்யாமல் மீட்பது எப்படி?

வெகுநாள் கிடப்பில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியை ஏதோ ஒரு தேவைக்காக இயக்கும்போது, கறுப்புத் திரையில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்ற ஒற்றை வரி தோன்றுவதுண்டு. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை அழுத்துமாறு கேட்கும். அழுத்தினால் மறுபடியும் அதே வரிதான் வரும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், ‘ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்’ என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். அதற்கு உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். காணவில்லை என்று சொல்லப்படும் கோப்பின் அளவு ஏறத்தாழ 250 கேபிதான். அதற்காக, அந்த ஹார்ட் டிஸ்கில் உள்ள குடும்பப் படங்களையும் கடிதங்களையும் கணக்குகளையும் இழக்க வேண்டிய அவசியமே இல்லை.

எக்ஸ்பி எவ்வாறு தொடங்குகிறது என்பது தெரிந்தால் இந்தச் செய்தியின் பொருள் விளங்கிவிடும். மின்சாரம் வந்ததும் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க நிரல், எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று தனக்குச் சொல்லப்பட்டுள்ளதோ அந்த டிஸ்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் சிறு பதிவுத் துண்டைப் படிக்கிறது. அதில் இருக்கும் சிறு நிரல், ‘ஆக்டிவ்’ என்று குறிக்கப்பட்ட பகுதியின் (பார்ட்டிஷன்) தொடக்கத்தில் உள்ள பூட் செக்டாருக்கு வழிகாட்டுகிறது. அந்த பூட் செக்டார், அதே பகுதியின் முதல் நிலையிலேயே, அதாவது எந்தக் கோப்புறைக்குள்ளும் செல்லாமல், என்டிஎல்டிஆர் என்ற கோப்பைத் தேடுகிறது. அது கிடைத்தால், விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பதை பூட்.ஐஎன்ஐ என்ற கோப்பிலிருந்து அறிந்துகொண்டு, என்டிடிடெக்ட்.காம் (ntdetect.com) என்ற கோப்பின் துணையால் வன்பொருள்களைக் கண்டறிந்து, அதன் பிறகே விண்டோஸை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஆகவே, திரையில் வரும் செய்தி கோப்பு அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. தேடச் சொன்ன இடத்தில் அது அகப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. தேடும் இடமே தவறாக இருக்கவும் கூடும்.

எனவே கோப்பைத் தொடுவதற்கு முன் வெளியே உள்ளவற்றைப் பாருங்கள். டிரைவில் பழைய ஃபிளாப்பி ஏதேனும் மறந்து விடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பென் டிரைவையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்கையும் கழற்றிவிடுங்கள். எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்யப்பட்ட வெற்று ஃபிளாப்பி ஒன்று உள்ளே இருந்தாலே இதே செய்தி வரும். அடுத்து, கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று, தேதியையும் நேரத்தையும் கவனியுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்; அதனோடு பூட் வரிசையும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்குகள் உள்ள கணினியில், இந்த வரிசை மாறிப்போவதே கோளாறுக்குப் போதுமான காரணம். புதிய பேட்டரியைப் போட்டு, விண்டோஸ் உள்ள டிஸ்கை முதலாவதாக அமைத்த பின் பாருங்கள்.

பயாஸில் ஹார்ட் டிஸ்கின் பெயரே தெரியவில்லை என்றால், இனி வரும் கட்டளைகள் எதுவும் பயன்படா. மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, கேபினெட்டைத் திறந்து, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செல்லும் அகன்ற ஐடிஇ கேபிளையும் நான்கு கம்பிகள் கொண்ட மின் இணைப்பையும் கழற்றி, அழுத்தமாக மீண்டும் செருகுங்கள். டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீராக ஓசை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது இயந்திரப் பழுது. தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அதற்கு வழி.

பெயர் தெரிகிறது, ஆனாலும் செய்தி மாறவில்லை என்ற நிலையில், பழுது நீக்கத் தொடங்கும் முன் தரவுகளைப் படியெடுத்துவிட வேண்டும். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பப்பி லினக்ஸ், நாப்பிக்ஸ் போன்ற லைவ் சிடி ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவாமலே கோப்புகளைத் திறந்து வெளிப்புற டிஸ்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் இணைக்கலாம். ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறையை முழுமையாக எடுங்கள். அத்துடன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் தவறாமல் எடுங்கள். யூனிகோடு பரவலாவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்கள், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆவணத்தைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

இனி, கோப்பை மீண்டும் வைக்கும் வேலைக்கு வருவோம். இதற்கு வேண்டியது எக்ஸ்பி நிறுவும் சிடி. பயாஸில் சிடி டிரைவை முதலாவதாக அமைத்து, சிடியைப் போட்டுக் கணினியைத் தொடங்குங்கள். ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும்போது அழுத்துங்கள். நீலத் திரையில் டிரைவர்கள் ஒவ்வொன்றாக ஏறி முடிய சில நிமிடங்கள் ஆகும். பிறகு வரும் ‘வெல்கம் டு செட்டப்’ திரையில் என்டரை அழுத்திவிடாதீர்கள். அது புதிதாக நிறுவும் வழி. ஆர் என்ற எழுத்தை அழுத்தினால், கட்டளைகளைத் தட்டிப் பழுது நீக்க உதவும் ரெக்கவரி கன்சோல் திறக்கும். எந்த விண்டோஸில் நுழைய வேண்டும் என்று கேட்டால், பட்டியலில் உள்ள எண்ணை, பெரும்பாலும் 1, தட்டி என்டர் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைக் கேட்கும்; எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அது வழக்கமாக வெறுமையாகவே இருக்கும் என்பதால் என்டரை மட்டும் அழுத்தினால் போதும். ஹார்ட் டிஸ்கே இல்லை என்று சிடி சொன்னால், அது பெரும்பாலும் ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா வகை டிஸ்காக இருக்கும். பயாஸில் ஏஹெச்சிஐ என்றுள்ள அமைப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, தற்காலிகமாக ஐடிஇ என்று மாற்றுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

கட்டளைகள் அனைத்தையும் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். முதலில் ‘மேப்’ என்று தட்டினால், எந்த டிரைவுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் வரும். சிடிராம் என்ற சொல் உள்ள வரியின் தொடக்கத்தில் உள்ள எழுத்தே உங்கள் சிடி டிரைவுக்கு உரியது. அது டி என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ‘டிர் சி:\’ என்று தட்டுங்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் முதலிய பெயர்கள் தெரிந்தால் டிஸ்க் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தொடரலாம்; பட்டியலுக்குப் பதிலாகப் பிழை வந்தால் ‘செக்டிஸ்க் சி: /ஆர்’ (chkdsk c: /r) என்ற கட்டளையை முதலில் ஓடவிட வேண்டும். அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் யுபிஎஸ் இருந்தால் நல்லது.

பட்டியல் சரியாக வந்தபின், ‘காப்பி டி:\ஐ386\என்டிஎல்டிஆர் சி:\’ என்ற கட்டளையைக் கொடுங்கள். கோப்பின் பெயரைப் பிழைச் செய்தியில் கண்ட அதே ஐந்து எழுத்துகளில் தட்டுங்கள். அதற்குப் புள்ளியும் பின்னொட்டும் கிடையாது. தொடர்ந்து ‘காப்பி டி:\ஐ386\என்டிடிடெக்ட்.காம் சி:\’ என்று கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு படியெடுக்கப்பட்டது என்ற வரி வர வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதலாமா என்று கேட்டால் ஒய் என்று தட்டுங்கள். கோப்பு அங்கேயே இருந்திருக்கிறது, சிதைந்திருக்கலாம் அல்லது பூட் செக்டாரில் கோளாறு இருக்கலாம் என்பதற்கு அந்தக் கேள்வியே சான்று. எப்படியிருந்தாலும் அடுத்து ‘ஃபிக்ஸ்பூட் சி:’ என்ற கட்டளையைக் கொடுத்து, உறுதி கேட்கும்போது ஒய் தட்டி, சிடியை வெளியே எடுத்துவிட்டு ‘எக்ஸிட்’ என்று முடியுங்கள்.

இந்த இடத்தில் பலர் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ கட்டளையையும் சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்வார்கள். தேவையின்றி அதைத் தொடாதீர்கள். அது டிஸ்கின் முதல் செக்டாரையே மாற்றி எழுதுவது. லினக்ஸோடு சேர்த்து நிறுவிய கணினியில் அதன் பூட் லோடர் போய்விடும். முதல் செக்டார் வழக்கத்துக்கு மாறாக உள்ளது என்ற எச்சரிக்கை வந்தால் ‘என்’ (N) என்று தட்டி விலகிவிடுவதே பாதுகாப்பு.

கணினி இப்போது ஒரு படி முன்னேறி, ‘ஹால்.டிஎல்எல்’ காணவில்லை என்ற புதிய செய்தியைக் காட்டினால் மனம் தளர வேண்டாம். அந்தக் கோப்பு உண்மையில் காணாமல் போவது அரிது, பூட்.ஐஎன்ஐ தவறான பகுதியைச் சுட்டுவதே வழக்கமான காரணம். மீண்டும் ரெக்கவரி கன்சோலுக்குச் சென்று ‘பூட்சிஎஃப்ஜி /ரீபில்ட்’ (bootcfg /rebuild) என்று கொடுத்தால், அது விண்டோஸைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்கும். ஒய் என்று தட்டி, ஒரு பெயர் கொடுத்து, கூடுதல் அமைப்புகளைக் கேட்கும் இடத்தில் ‘/ஃபாஸ்ட்டிடெக்ட்’ (/fastdetect) என்று தட்டுங்கள்.

கணினியோடு வந்த ‘ரெக்கவரி’ சிடி மட்டுமே கையில் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். அத்தகைய சிடிகள் பெரும்பாலும் டிஸ்கை அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடும். தெரிந்தவரிடம் எக்ஸ்பி சிடியை இரவல் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்கை வேறு கணினியில் இணைத்து, சிடியின் ஐ386 கோப்புறையிலிருந்து இரண்டு கோப்புகளையும் எடுத்து நேரடியாக டிஸ்கின் முதல் நிலையில் வைத்தாலும் போதும். இணையத்தில் முகம் தெரியாத தளங்கள் தரும் கோப்புகளை எடுத்துப் போடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டதால், மீண்ட கணினியையும் இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

விண்டோஸ் திறந்ததும், சி டிரைவில் உள்ள மறைக்கப்பட்ட கோப்புகளைத் தெரியும்படி செய்து, என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம், பூட்.ஐஎன்ஐ ஆகிய மூன்றையும் எக்ஸ்பியிலேயே ஃபார்மேட் செய்த ஒரு ஃபிளாப்பியில் படியெடுத்து வையுங்கள். அடுத்த முறை சிடி இல்லாமலே அந்த ஃபிளாப்பியிலிருந்து விண்டோஸைத் தொடங்கிவிடலாம். ஆனால் சில வாரங்களுக்குள் அதே கோப்பு மறுபடியும் காணாமல் போனால், டிஸ்க் தேய்ந்துவருகிறது என்றே கொள்ள வேண்டும். அப்போது கோப்பை மீண்டும் மீண்டும் வைத்துப் பார்க்காமல் டிஸ்கையே மாற்றிவிடுங்கள்.