எம்.ஆர்.எஸ்.ஏ. மீது ஃபேஜ் வேலை செய்யுமா? தட்டில் சோதிக்கும் முறை

எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா; ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். ஒரு ஃபேஜ் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் எல்லா ரகங்களையும் அழித்துவிடாது. அதனால் நோயாளியிடமிருந்து எடுத்த அதே கிருமியின் மேல்தான் சோதிக்க வேண்டும். இது இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை; வீட்டில் செய்வதற்கில்லை.

அடித்தட்டுக்கு 1.5% அகார் (ஊடகத்தைக் கட்டியாக்கும் கூழ்ப்பொருள்) கலந்த டிரிப்டிக் சோய் ஊடகம். தட்டுகளை நன்றாக உலர்த்துங்கள். ஈரம் நின்றால் சொட்டுகள் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடும். மேலடுக்குக்கு 0.4% மென் அகாரைக் குழாய்க்கு 4 மி.லி. ஊற்றி 45 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். சூடு கூடினால் பாக்டீரியா செத்துப்போகும், குறைந்தால் அகார் கட்டிதட்டும். ஃபேஜ் செல்லில் ஒட்டுவதற்கு உதவியாக 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்க்கலாம். ஆனால் அதைத் தனியாகக் கிருமிநீக்கி, ஊடகத்தை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமிநீக்கி முடித்த பிறகே கலக்க வேண்டும். முன்பே சேர்த்தால் ஊடகத்திலுள்ள பாஸ்பேட்டோடு கூடி வெள்ளையாகப் படிந்துவிடும்.

600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4 அளவுக்கு வளர்ந்த கிருமியில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து மென் அகாரில் கலந்து, குமிழி எழாமல் தட்டில் ஊற்றி இறுக விடுங்கள். ஃபேஜ் கரைசலைப் பத்துப் பத்து மடங்காக எட்டுக் குழாய்களில் நீர்க்கச் செய்யுங்கள்: ஃபேஜைக் கெடாமல் வைக்கும் எஸ்.எம். தாங்கல் கரைசல் 900 மைக்ரோலிட்டருக்கு, முந்தைய குழாயிலிருந்து 100 மைக்ரோலிட்டர். ஒவ்வொரு குழாய்க்கும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். பழைய முனையில் ஒட்டிவரும் ஃபேஜ் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிக் காட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் 5 மைக்ரோலிட்டர் சொட்டி, ஊறியதும் தட்டைக் கவிழ்த்து, 37 டிகிரியில் 18 மணி நேரம் வையுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் இனிமேல்தான். நீர்க்காத சொட்டு விழுந்த இடம் கண்ணாடிபோலத் தெளிந்திருப்பதைப் பார்த்ததும் 'ஃபேஜ் வேலை செய்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே செல்லில் ஏராளமான ஃபேஜ்கள் ஒட்டினால், அவை உள்ளே பெருகாமலேயே செல்சுவர் உடைந்துபோகும். கரைசலில் மிஞ்சிய நொதிகளாலும் இடம் தெளியலாம். உண்மையான பெருக்கத்துக்குச் சாட்சி, நீர்க்க நீர்க்க அந்த வட்டம் கலைந்து ஊசிமுனை அளவுப் புள்ளிகளாகப் பிரிவதுதான். பிளேக் எனப்படும் அந்தத் தனிப் புள்ளி தெரியவில்லை என்றால் 'பெருகவில்லை' என்றே குறியுங்கள்.

பிளேக் தெரிந்தால், நீர்த்த ஃபேஜைக் கிருமியோடு மென் அகாரில் கலந்து தட்டு முழுக்க ஊற்றும் முழுத்தட்டுச் சோதனை செய்து எண்ணுங்கள். 30 முதல் 300 வரை உள்ள தட்டையே கணக்கில் எடுங்கள். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி 42 பிளேக் வந்தால், மூலக் கரைசலில் மி.லி.க்கு 42 கோடி. நோயாளியின் கிருமியில் வந்த இந்த எண்ணை, ஃபேஜை வளர்த்த கிருமியில் கிடைத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.5-க்கு மேல் வந்தால் நல்ல பொருத்தம், 0.001-க்குக் கீழே போனால் அந்த ஃபேஜை விட்டுவிடலாம்.

பிளேக் மங்கலாக இருந்தால் எச்சரிக்கை தேவை. கிருமியின் மரபணுத்தொகுதிக்குள் ஒளிந்துகொள்ளும் மிதவகை ஃபேஜாக அது இருக்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸின் பான்டன்-வாலன்டைன் நச்சு போன்றவற்றின் மரபணுக்களைச் சுமப்பவை இத்தகைய ஃபேஜ்களே. பிளேக் தெளிவாக இருந்தாலும் முழு மரபணு வரிசையைப் படித்து, இன்டகிரேஸ் (ஃபேஜைக் கிருமியின் மரபணுத்தொகுதிக்குள் செருகும் நொதி), நச்சு, மருந்து எதிர்ப்பு ஆகியவற்றுக்கான மரபணுக்கள் இல்லையென்று உறுதிசெய்யாமல் சிகிச்சைக்கு அனுப்பக் கூடாது. வளர்க்கும் கிருமியும் ஒளிந்த ஃபேஜ் இல்லாததாக இருக்கட்டும். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத்தான் தடுக்கும்; கரைந்த நச்சுப் புரதங்கள் அதில் தப்பிவிடும். அவற்றைத் தனியே சுத்திகரித்தாக வேண்டும்.

தட்டை இன்னொரு நாள் வைத்திருந்து, தெளிந்த வட்டத்துக்குள் குட்டிக் காலனிகள் முளைக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஃபேஜுக்குத் தப்பியவையாக இருக்கலாம். எடுத்து மறுபடி சோதியுங்கள். இரண்டாவது ஃபேஜ் சேர்ப்பதானால் இந்தக் காலனிகளை அழிப்பதாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஃபேஜ்கள் பெரும்பாலும் செல்சுவரின் டெய்க்காயிக் அமிலத்தையே பிடித்துக்கொள்வதால், இரண்டும் ஒரே பிடிமானத்தை நம்பினால் கலவையால் பயன் குறைவு.

நோயாளி எடுத்துக்கொண்டிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துச் சோதியுங்கள். லினிசோலிட் போலப் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் ஃபேஜின் பெருக்கத்தையும் தடுக்கக்கூடும், ஏனெனில் தன் புரதங்களுக்கு அது கிருமியின் ரைபோசோமைத்தான் நம்பியிருக்கிறது. ஃபேஜை 4 டிகிரியில் வைத்திருந்தாலும் எண்ணிக்கை மெல்லக் குறையும். கொடுப்பதற்கு முன் மறுபடி எண்ணிப் பார்த்தே அளவை எழுதுங்கள்.