தூத்துக்குடி – ராமேசுவரம் ஒருநாள் கார்ப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ராமேசுவரம் ஏறத்தாழ 180 கி.மீ. நான்கு மணி நேரத்தில் போய்விடலாம், இடையில் ஆறேழு ஊர்களையும் பார்த்துவிடலாம் என்று கணக்கிட்டுக் கிளம்புவோர் பலர். அங்கேதான் திட்டம் பிசகுகிறது. இந்த வழியில் தொலைவைவிட, எந்த ஊரை எந்த நேரத்தில் அடைகிறோம் என்பதே பயணத்தின் பயனை முடிவு செய்கிறது.

திருப்புல்லாணியை எடுத்துக்கொள்ளலாம். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில், தருப்பைப் புல்லின் மேல் சயனித்திருக்கும் இராமனைக் காண வருவோர், காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், வழியில் சற்றே தாமதமானாலும் நடை சாத்திய கதவைத்தான் காண நேரலாம். மீண்டும் நடை திறக்க மாலையை நெருங்கிவிடும். ஆறு மணிக்கே கிளம்புவது நல்லது. உத்தரகோசமங்கையையும் அதே முற்பகலில் சேர்ப்பது பேராசை. அங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். மார்கழித் திருவாதிரையையொட்டித்தான் காப்பு களையப்படும் என்பதை அறியாமல் போய் ஏமாறுவோரும் உண்டு.

சாலையில் போய்க்கொண்டிருந்தால் கடல் தானாகக் கண்ணில் படும் என்று எண்ணுவது அடுத்த தவறு. வேம்பாரைக் கடந்து கீழக்கரை வரையிலும் பெரும்பகுதி வழி பனைமரங்களுக்கும் சீமைக்கருவேலங் காடுகளுக்கும் இடையே உள்ளொதுங்கியே செல்கிறது. கடலைப் பார்க்க விரும்புவோர் விலக்கில் திரும்பிக் கிளைச் சாலையில் சில கி.மீ. உள்ளே போக வேண்டும். சாயல்குடிக்கு அருகே கடலோரச் சிவன் கோயில் உள்ள மாரியூர், உப்பளங்களும் மீனவர் குடியிருப்புகளும் சேர்ந்த வாலிநோக்கம், திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரை ஆகியவற்றுள் இரண்டைத் தேர்ந்தால் போதும். மூன்றையும் பார்க்க முயன்றால் எதிலும் கால் நனைக்க நேரமிராது.

பருவத்தை மறந்துவிடுவதும் வழக்கமாக நடப்பதே. பதநீரைப் பங்குனி, சித்திரை மாதங்களில் காலையிலேயே தேட வேண்டும். வெயில் ஏறியபின் அது புளிக்கத் தொடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாகையால், அந்நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் களங்களில் சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும். படம் எடுக்கும் ஆவலில் அதை மிதித்துக்கொண்டு நடப்பது, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தின் மேல் நடப்பதாகும். களத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் அவரே வழிகாட்டுவார். ஏர்வாடி தர்காவில் மனநலம் வேண்டி வந்து தங்கியிருப்போரைப் படம் எடுக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கீழக்கரைப் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தையும் தள்ளிவைப்பதே முறை.

பாம்பனில் எல்லாரும் செய்யும் தவறு, 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் நடுவே காரை நிறுத்துவது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரிவதால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே நிறுத்துவது ஆபத்து. பின்னால் வரும் பேருந்துகளுக்கு ஒதுங்க இடமில்லை. பாலத்தைக் கடந்து, 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகாலுக்குச் சென்றால் கடலை ஆற அமரப் பார்க்கலாம்.

சூரிய அஸ்தமனத்தைத் தனுஷ்கோடியில் பார்ப்பதாகத் திட்டமிடுவோர் வழியிலேயே திருப்பி அனுப்பப்படலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கும் அதைத் தாண்டிய அரிச்சல்முனைக்கும் பகலில் மட்டுமே அனுமதி உண்டு. மாலையில் வாகனங்களை உள்ளே விடுவதில்லை. ராமேசுவரத்திலிருந்து முனை வரை 20 கி.மீ.க்கு மேல் இருப்பதால், பிற்பகல் மூன்று மணிக்குள் அந்தச் சாலையில் இருப்பது உத்தமம். ஆனி, ஆடிக் காற்றில் மணல் சாலையிலேயே குவிவதுண்டு, வேகம் வேண்டாம். முனையில் நீரோட்டம் கடுமையானது. கடலில் இறங்கக் கூடாது.

அன்றிரவே தூத்துக்குடிக்குத் திரும்ப எண்ணுவோர், விளக்கில்லாத நீண்ட வழியில் ஆடுமாடுகள் குறுக்கிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ராமேசுவரத்தில் தங்குவதே மேல். ஆனால் ஆடி, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணத்துக்கு வரும் கூட்டத்தால் அறை கிடைப்பதும், ஊருக்குள் கார் நுழைவதும் பெரும்பாடாகிவிடும் என்பதால், நாட்காட்டியைப் பார்த்தபின் தேதியைக் குறிப்பது நல்லது.