உள்ளாட்சிப் பொறியாளர் இப்போது எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம்

எஸ்டிமேட் போடத் தெரியும், டெண்டர் விடத் தெரியும், வேலை நடக்கிற இடத்தில் நின்று தரம் பார்க்கத் தெரியும். உள்ளாட்சிப் பொறியாளருக்கு இதெல்லாம் இன்றும் வேண்டும், ஆனால் இது மட்டும் போதாது. புதிதாகக் கட்டுவதைவிட, ஏற்கெனவே மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயையும் வடிகாலையும் கெட்டுப்போகாமல் ஓட வைப்பதுதான் இப்போது பெரிய வேலை. அதற்கு முதலில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆகவே வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் போடுவதற்கான இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு குடிநீர்க் குழாய்த் தடத்தை எடுத்து அதன் விட்டம், எதனால் ஆனது, பதித்த ஆண்டு, வால்வுகள் இருக்கும் இடம், எப்போதெல்லாம் உடைந்தது என்று பதியுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள், ஊகத்தை உண்மைபோலப் பதிந்துவிட்டால் பின்னால் வருகிறவர் அதை நம்பித்தான் பள்ளம் தோண்டுவார். இந்த வேலையில் உங்களுக்கு ஆசிரியர் யாரென்றால், காலங்காலமாக வால்வு திறந்து மூடுகிற ஊழியர்தான். பல வால்வுகள் எங்கே புதைந்திருக்கின்றன என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்குள் கூடவே நடந்து போய் ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை அளக்கும் மீட்டரை வாசிக்கப் பழகுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் பகுதியாக இருந்தால், நள்ளிரவு தாண்டி 2 மணியிலிருந்து 4 மணி வரை உள்ளே போகும் நீரின் அளவைப் பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் ஓட்டம் குறையவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

குழாய் வலையமைப்பைக் கணக்கிட்டுப் பார்க்க ஈபாநெட் (EPANET), மழைநீர் வடிகாலுக்கு ஸ்வம் (SWMM), இந்த இரண்டு மென்பொருள்களையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகவே தருகிறது. ஸ்வம் 1971இலிருந்தே இருக்கிறது, ஆக இதில் கருவி புதிதல்ல, அதற்குள் நாம் கொடுக்கும் மழைக்கணக்குதான் பழசாகிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மழைப் பதிவை வைத்து இன்றைக்கு வடிகால் அளவை முடிவு செய்யாதீர்கள்.

பேசுவதும் பொறியியல் திறமைதான், இதைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். '100 ஆண்டு வெள்ளம்' என்று மன்றக் கூட்டத்தில் சொன்னால், போன வருடம்தான் வந்தது, இனி நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு, 30 வருடத்தில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு என்று சொல்லிப் பாருங்கள், வடிகாலுக்குப் பணம் ஏன் கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்கே புரியும்.

ஒப்பந்தம் எழுதும்போதும் கவனம் வேண்டும். சென்சார், மென்பொருள் எது வாங்கினாலும், அதில் சேரும் தரவு முழுக்க உள்ளாட்சிக்கே சொந்தம், கேட்கும்போது வேறு மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் தர வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். பம்பு நிலையத்தை இணையத்தில் இணைக்கிறார்கள் என்றால், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றச் சொல்லி, மாற்றிவிட்டார்களா என்று நீங்களே நின்று பாருங்கள்.