ப்ராஜெக்ட் முடிந்தது, கருவி யாருக்குச் சொந்தம்?

ஆராய்ச்சி மானியத்தில் வாங்கிய கருவியை ‘என் கருவி’ என்று நினைக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. அனுமதி ஆணையோடு வந்த நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொடுத்த நிதி என்றால், முழுக்க அந்த நிதியில் வாங்கிய கருவி இந்திய அரசின் சொத்து, முன் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று வழக்கமாக எழுதியிருக்கும். திட்டம் முடிந்தபின் அதைக் கல்லூரிக்கே விட்டுவிடுவதா, வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதா என்பதும் அரசின் முடிவு. பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது கருவியை வண்டியில் ஏற்றிவிட முடியாது. இரண்டு நிறுவனங்களின் சம்மதமும் நிதி கொடுத்தவர்களின் அனுமதியும் எழுத்தில் வேண்டும்.

பயன்பாட்டுச் சான்றிதழ் (நிதியைச் சொன்ன வேலைக்கே செலவிட்டோம் என்ற சான்று) அனுப்பியாயிற்று, இனி கருவி நம்முடையதுதான் என்று இருந்துவிடுகிறார்கள். கணக்கை முடிக்கும்போதே கருவிப் பட்டியலை இணைத்து, இங்கேயே வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், நிதி கொடுத்த அமைப்பே மாறியிருக்கும். ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்துவந்த மத்திய அமைப்பான எஸ்இஆர்பி போய், அதன் இடத்தில் ஏஎன்ஆர்எஃப் வந்ததைப் பார்த்தோமே.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘ஸ்பெக்ட்ரோமீட்டர் - 1’ என்று ஒரு வரியோடு நிறுத்துவது இன்னொரு தலைவலி. திட்ட எண், சீரியல் நம்பர், நிதி கொடுத்தவர் பெயர் எல்லாம் அதே வரியில் வேண்டும். கூடவே வந்த சில்லர் (குளிர்விக்கும் கருவி), யுபிஎஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். காணாமல் போவது பெரும்பாலும் இவைதான்.

சரி, பழைய கருவியைக் கழிப்பதற்கு வருவோம். கணக்குப் புத்தகத்தில் மதிப்பு தேய்ந்துவிட்டதாலேயே கருவி ‘கண்டம்’ (கழித்துவிட வேண்டியது) ஆகிவிடாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, அது உபயோகமற்றது என்று காரணத்தோடு பதிவு செய்து, தகுந்த அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். மதிப்பிட்ட எஞ்சிய விலை (இப்போது விற்றால் கிடைக்கக்கூடியது) 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் விளம்பர டெண்டர் அல்லது பொது ஏலம்தான். தெரிந்த காயலான் கடைக்காரரை நேரே கூப்பிடும் பழக்கம் தணிக்கையில் மாட்டும்.

தணிக்கைக் குறிப்புக்காவது பதில் எழுதிவிடலாம், உயிர் போனால் என்ன எழுதுவது? டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் போனது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெறவில்லை. டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளேயிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கோபால்ட்-60-இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். 25 ஆண்டுகள் கழிந்தும் கதிரியக்கத்தில் சுமார் 27-இல் 1 பங்கு மிஞ்சியிருக்கும், ஆளைக் கொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. ஆகவே ஏலப் பட்டியல் போடும் முன் கருவிக்குள் கதிரியக்க மூலமோ பாதரசமோ இருக்கிறதா என்று அதை இயக்கியவரையே கேட்டு, எழுதி வாங்குங்கள். கதிரியக்க மூலம் இருந்தால் அது ஏலத்துக்கே போகக் கூடாது. வாரியத்தின் அனுமதியோடு தனி வழியில்தான் போக வேண்டும். மின்னணுப் பலகைகள் உள்ளவை பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போகட்டும். அப்புறம், கருவியோடு இணைந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். வெளியிடாத தரவுகள் பலருக்கு அதில்தான் கிடக்கும்.