வெப் டெவலப்மென்ட் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தச் சிவப்பு வரியைப் படியுங்கள்

போன வாரம், புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் தன் திரையைப் பகிர்ந்து, "பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை" என்றார். எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். சிவப்பில் ஒரு வரி நின்றது. நான் படித்து முடிப்பதற்குள் மூடிவிட்டார். "அது எப்பவும் வரும் சார், அதை விடுங்க."

பல வருடங்களுக்கு முன் இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டேகை மூட மறப்பது, சேவ் செய்யாமல் ரெஃப்ரெஷ் அடித்துவிட்டுத் தலையைச் சொறிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு முறை பட்டால் தானே சரியாகிவிடும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் விடுவது

நான் முதலில் செய்தது ஒரு கூட்டல் கணக்குப் பக்கம். இரண்டு பெட்டி, ஒரு பட்டன், கீழே விடை. அவ்வளவுதான். பட்டன் வேலை செய்யவில்லை. எடிட்டரை மாற்றினேன். பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். வேறு எங்கிருந்தோ ஒரு நிரலை அப்படியே எடுத்து ஒட்டினேன். இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் கன்சோலில் பதில் எழுதியே இருந்தது: 'நல்' என்பதில் ஆட்ஈவென்ட்லிஸனரை (கிளிக்கைக் கவனிக்கச் சொல்லும் கட்டளை) படிக்க முடியவில்லை என்று ஒரு வரி, அதன் வலது ஓரத்தில் ஃபைல் பெயர், வரி எண் 3.

மூன்றாம் நாள்தான் அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். 'நல்' என்றால் 'ஒன்றும் இல்லை'. அதாவது, நான் தேடிய பட்டனே இல்லை என்கிறது பிரவுசர். கண்ணெதிரே திரையில் இருக்கிறதே! இருக்கிறது, ஆனால் அந்த நொடியில் இல்லை. பிரவுசர் ஹெச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும். வழியில் ஸ்கிரிப்ட் டேக் வந்தால் அங்கேயே நின்று, அதை ஓட்டி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கும். நான் ஸ்கிரிப்டை ஹெட் பகுதியில் வைத்திருந்தேன். பட்டன் இருபது வரி கீழே இருந்தது. ஸ்கிரிப்ட் டேகில் 'டிஃபர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் முடிந்தது. பக்கம் முழுதும் படிக்கப்பட்ட பிறகே அந்த ஃபைலை ஓட்டச் சொல்லும் சொல் அது.

இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த இரண்டு நாளை நினைத்தல்ல. பக்கம் எப்படி உருவாகிறது என்ற முக்கியமான பாடத்தை அந்த ஒரு வரி எனக்கு இலவசமாக நடத்தக் காத்திருந்தது, நான்தான் கதவைச் சாத்தினேன். இப்போது தொடங்குகிறவர்கள் நிரல் மொத்தத்தையும் ஏஐயிடம் கொட்டி "சரிசெய்" என்கிறார்கள். அது சரிசெய்துவிடும். கூடவே நீங்கள் எழுதாத முப்பது வரியும் வரும். அடுத்த நாள் அதே 'நல்' வேறொரு ஃபைலில் வந்து நிற்கும்.

சரி, எப்படிப் படிப்பது? பத்து சிவப்பு வரி இருந்தால் முதலாவதை மட்டும் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால்கள். ஃபைல் பெயரைக் கிளிக் செய்தால் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது என்ன, அது உண்மையில் என்ன மதிப்பை வைத்திருக்கிறது என்று, மதிப்பைக் கன்சோலில் அச்சிடும் கன்சோல்.லாக் போட்டுப் பாருங்கள். ஏஐயிடம் கேட்பதானால் அதற்கு அப்புறம் கேளுங்கள். "இந்த வரிக்கு என்ன பொருள்?" என்று மட்டும்.

பட்டன் வேலை செய்யத் தொடங்கிய பிறகு 5, 3 கொடுத்தேன். விடை 53. இதற்குச் சிவப்பு வரியே கிடையாது. பெட்டியில் தட்டச்சு செய்வது எண்ணாக இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வெறும் எழுத்தாகத்தான் வந்து சேரும், கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடும். நம்பர் என்று மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். சத்தமில்லாமல் வரும் இந்த மாதிரித் தவறுகளைப் பார்த்த பிறகுதான், சத்தம் போடும் பிழைமீது எனக்குப் பாசம் வந்தது.

ஃபிரேம்வொர்க்கிலிருந்து தொடங்குவது

ஒரு காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல், அதில் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பான ஜேக்வெரி மட்டும் தெரிந்த கூட்டம் இருந்தது. நானும் அதில் ஒருவன். 2013இல் ரியாக்ட் என்ற இன்னொரு தொகுப்பு வந்தது, இப்போது கூட்டம் அங்கே நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் அர்ரே (பட்டியல்), ஃபங்ஷன், ஃபெட்ச் (சர்வரிலிருந்து தரவு எடுப்பது) மூன்றும் கைக்கு வந்த பிறகு போங்கள். அது வரை, ரியாக்ட் காட்டும் பிழை எது, உங்கள் நிரலின் பிழை எது என்று பிரித்தறிய முடியாது.

எல்லாவற்றுக்கும் டிவ்

பட்டனுக்குப் பட்டன் டேக் இருக்கிறது. டிவ் என்பது தனி அர்த்தமில்லாத வெறும் பெட்டி; அதற்குக் கிளிக் வைத்தால் மவுஸுக்கும் விரல் தொடுதலுக்கும் மட்டும்தான் அது பட்டன். டேப் கீ அதைத் தாண்டிப் போய்விடும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது.

ஏபிஐ சாவியை கிட்ஹப்பில் ஏற்றுவது

ஏபிஐ சாவி என்பது ஒரு வெளிச் சேவையைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் ரகசியக் குறியீடு; கிட்ஹப் நிரலைச் சேமித்துப் பகிரும் தளம். அடுத்த கமிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்வது) அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை, அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குவது. இன்னொன்று: பிரவுசருக்குப் போய்ச் சேரும் நிரலில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. ரகசியங்களைத் தனியாக எழுதிவைக்கும் இஎன்வி ஃபைலில் எழுதியிருந்தாலும், பில்டு ஆகி (வெளியிடத் தயாரான நிரலாகத் தொகுக்கப்பட்டு) வெளியே போய்விட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

எந்த எடிட்டர் நல்லது என்று ஒரு வாரம் தேடுவது

கையில் இருப்பது.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து

உங்கள் கணினியில் படம் தெரியும். சர்வரில் ஏற்றியதும் 404, அதாவது 'ஃபைல் கிடைக்கவில்லை'. ஃபைலின் பெயரில் முதல் எழுத்து பெரியது, நிரலில் சின்னது. விண்டோஸ் பொதுவாக இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு ஃபைலாகவே பார்க்கும். ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. நான் அதற்கு மேல் யோசிப்பதே இல்லை.