டிசைன் முதுமாணி: வேலைக்கு நடுவில் முடிவெடுக்கும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் டிசைன் வேலை செய்தவர்கள் முதுமாணி என்றதும் முதலில் நாட்டைத்தான் தெரிவு செய்கிறார்கள். அதற்கு முன் கேட்கவேண்டியது: எந்த வேலை உங்கள் கைக்கு வராமல் போகிறது, ஏன்? மென்பொருள் தெரியாததால் என்றால் குறுகிய பயிற்சி ஒன்று போதும். ஆய்வு செய்யவோ பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவோ விருப்பம் என்றால் முதுமாணிக்குப் பெறுமதி உண்டு. படிப்புகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு வகை: 9ஆம் மட்டம் பாடங்கள் மட்டும், 30 கிரெடிட்; 10ஆம் மட்டம் ஆய்வோடு சேர்த்து 60 கிரெடிட். படிப்பிக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிச் சேரக்கூடாது.

அதிகம் பேர் பிழை விடும் இடம் போர்ட்போலியோ, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் வேலைகளின் தொகுப்பு. கலியாணக் கார்ட், புடைவைக்கடை பனர், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று நாற்பது வேலையை அடுக்கி அனுப்புவார்கள். தெரிவுக்குழு பார்ப்பது நீங்கள் யோசித்த வழியை. உதாரணத்துக்கு, நீங்கள் டிசைன் செய்த ஒரு பனங்கட்டிப் பெட்டியை எடுங்கள். முதல் லேபிளில் 6 பொயின்ட் எழுத்தளவில் போட்ட தமிழ், அச்சில் ண, ஞ சுழிகள் அடைத்து வாசிக்க முடியாமல் வந்தது. 8க்கு ஏற்றியதும் மூன்று மொழிக்கும் இடம் போதவில்லை. கடையில் அடுக்கினால் பெயர் மறைந்தது, அதனால் பெயர் மூடிக்குப் போனது. கைவரைவு, பிழைத்த அச்சு, கடைசிப் பெட்டி மூன்றையும் படம்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். இப்படி ஐந்தாறு வேலை போதும். அச்சகத்தில் பழுதான பிரதிகளை எறியவேண்டாம், இன்றைக்கே எடுத்து வையுங்கள்!

காசுக் கணக்கைக் கற்கைக் கட்டணத்தோடு நிறுத்துவதும் பெரிய பிழை. பிரித்தானியாவுக்கு என்றால் விசா விண்ணப்பத்தோடு, வருடத்துக்கு 776 பவுண் வீதம் சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்டவேண்டும். படிப்புக்கும் செலவுக்கும் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் காசு தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் கிடக்கவேண்டும். இடையில் ஒரு நாள் எடுத்துத் திரும்பப் போட்டாலும் விசா மறுக்கப்படலாம். 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் பாடநெறிகளில், ஆய்வுப் படிப்பு அல்லாத முதுமாணிக்கு மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. படிப்பு முடிந்தபின் தங்கும் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், முன்பு 2 வருடம். அங்கே உழைத்து அடைக்கலாம் என்று காணி உறுதியை வங்கியில் வைப்பவர்கள், இந்த 18 மாதத்தை வைத்து மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

வேலையிடத்தில் சம்பளமற்ற லீவு தருவதாகச் சொன்னால், திரும்பிவரும் திகதியும் பதவியும் குறிப்பிட்ட கடிதமாக வாங்குங்கள். தனியே தொழில் செய்பவர்கள் மாதாந்த வாடிக்கையாளரின் மூலக்கோப்புகளையும் எழுத்துருக்களையும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து, யார் பார்க்கிறார் என்று வாடிக்கையாளரிடம் நேரில் கதைத்துவிட்டே புறப்படவேண்டும்.