பழைய டிவி கேமைக் கையடக்கக் கருவியாக மாற்றுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

டிவி கேம் என்ற பெயரில் 1990-களிலும் அதற்குப் பின்னரும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களே. அசல் இயந்திரத்தில் தனித்தனிச் சில்லுகளாக இருந்த செயலியும் படம் வரையும் பகுதியும், பின்னாளில் வந்த மலிவு நகல்களில் ஒரே சில்லுக்குள் அடக்கப்பட்டு, அதன்மேல் கறுப்புப் பிசின் ஒரு பொட்டைப் போல ஊற்றப்பட்டிருக்கும். அத்தகைய பெட்டியைத் திறந்து பார்த்தால், வெளியே பெரிதாகத் தெரிந்த உடலுக்குள் உள்ளங்கை அளவுள்ள ஒரு போர்டும் கேசட் செருகும் வாயும் மட்டுமே இருப்பதைக் காணலாம். அந்தச் சிறிய போர்டுடன் ஒரு திரை, ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர் ஆகியவற்றைச் சேர்த்துப் புதிய உடலுக்குள் வைப்பதே இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

அசல் நிண்டெண்டோ, சேகா இயந்திரங்கள் கிடைத்தால் அவற்றை வெட்ட வேண்டாம். அவை திரும்பக் கிடைப்பது அரிது. மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். பிசின் பொட்டு உள்ள நகல் பெட்டியே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வாங்கி, பழைய கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும்; ஆனால் அது மென்பொருள் வேலை. பழைய வன்பொருளையே மறுபடி இயங்கவைக்க விரும்புவோருக்காக எழுதப்படுவது இது.

தேவையான பொருள்களைப் பொறுத்தவரை, தர்மபுரி, கிருஷ்ணகிரியில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கிக் காத்திருக்கத் தேவையில்லை. பழுதான டிவி கேம்கள் பழைய சாமான் கடைகளிலும், சில சமயம் டிவி பழுதுபார்ப்பவர்களின் மேசைக்கு அடியிலும் கிடைக்கும். திரைக்கு, காரின் ரிவர்ஸ் கேமராவுக்கென விற்கப்படும் 4.3 அங்குல மானிட்டரைக் கார் அக்சஸரீஸ் கடைகளில் கேளுங்கள். சார்ஜிங் மாட்யூல், மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்டர், ஆம்பிளிஃபயர் போர்டு போன்ற சிறு பொருள்களுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான் நமக்கு அருகிலுள்ள பெரிய சந்தை; ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பேருந்து ஏறுங்கள். கருவிகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நல்ல பணம் செலவிட வேண்டும் என்றால், அது மல்டிமீட்டர் என்பேன். சால்டரிங் அயர்ன் 25 வாட் உள்ள சாதாரணமானதே போதும். மீட்டர் பொய் சொன்னால் அதன்பின் செய்வது அனைத்தும் பொய்யாகிவிடும். சால்டரிங் செய்யவும் மீட்டரில் வோல்ட் அளக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டே மேலே செல்கிறேன்.

முதல் படி: பெட்டியைப் பிரிக்கும் முன் டிவியில் இணைத்து இயக்கிப் பாருங்கள். மஞ்சள் நிற ஏவி சாக்கெட் வழியாகப் படம் வருகிறதா என்பதே முக்கியம். ஆன்டெனா வழியாக மட்டும் படம் தரும் பழைய பெட்டி, தொடக்கநிலையினருக்கு வேண்டாம். பிறகு அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட் என்று அச்சிடப்பட்டுள்ளது, பின்னின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நகலுக்கு நகல் இது மாறும்.

இரண்டாம் படி: டிவியை அகற்றிவிட்டு ரிவர்ஸ் மானிட்டரை இணையுங்கள். அதன் சிவப்புக் கம்பி 12 வோல்ட்டுக்கும் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கும் உரியவை. வீடியோ உள்ளீடுகள் இரண்டு இருந்தால், ஒன்றில் படம் வராதபோது மற்றொன்றில் முயலுங்கள். நம் நாட்டில் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் படம் தருபவை. இந்த மானிட்டர்கள் பால், என்டிஎஸ்சி (NTSC) ஆகிய இரு முறைகளையும் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். விளையாட்டின் படம் 256-க்கு 240 புள்ளிகள் மட்டுமே என்பதால் சிறு திரையில் குறை தெரியாது. திரை அகலமானது என்பதால் மாரியோ சற்றுக் குண்டாகத் தெரிவார். மானிட்டரின் மெனுவில் 4:3 என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி மின்சாரம். இந்தத் திட்டத்தைத் தொடங்குவோர் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடாப்டர் 9 வோல்ட் என்று சொன்னாலும், போர்டில் உள்ள சில்லு இயங்குவது 5 வோல்ட்டில். இடையில் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று, பெரும்பாலும் சிறிய அலுமினியத் தகட்டில் திருகப்பட்டு நின்றுகொண்டிருக்கும். 9 வோல்ட்டில் 5 போக மிஞ்சிய 4 வோல்ட்டை அது வெப்பமாகவே கழிக்கிறது. சற்று நேரம் ஆடியபின் அந்தத் தகட்டைத் தொட்டால் சூடு தெரியும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு இது பொருட்டில்லை. பேட்டரியில் ஓடும் கருவியில் இப்படி வீணாக்க இயலாது. எனவே பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பூஸ்டர் மூலம் 5 வோல்ட்டாக உயர்த்திப் போர்டுக்கு நேரடியாகக் கொடுக்கிறோம்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. 5 வோல்ட் தயாரானதும், அதை அடாப்டர் செருகும் சாக்கெட்டிலேயே கொடுத்துவிடத் தோன்றும். 7805 சரியாக வேலை செய்ய, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியேறுவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டை உள்ளே கொடுத்தால் வெளியே 3 வோல்ட்டை ஒட்டித்தான் வரும். அப்போது கருவி முழுவதுமாக இறந்துவிடுவதும் இல்லை. சிவப்பு விளக்கு எரியும், திரையில் சாம்பல் நிறக் கட்டங்களோ சிதறிய எழுத்துகளோ தோன்றும். பார்ப்பவர் கேசட்டை ஊதித் துடைப்பார், போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுவார். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 7805-ஐ முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அதன் வெளியீட்டுக் கால் இருந்த துளையில் 5 வோல்ட்டையும், நடுக்கால் இருந்த துளையில் எதிர்முனையையும் பற்றவையுங்கள். எழுத்து அச்சிட்ட முகம் நம்மை நோக்கியும் கால்கள் கீழேயும் இருக்கும்போது, இடக்கால் உள்ளீடு, நடுக்கால் எதிர்முனை, வலக்கால் வெளியீடு. கழற்றும் முன்பே போர்டில் பேனாவால் குறித்துவிடுங்கள். கழற்றிய பிறகு மூன்று துளைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அடாப்டரே 5 வோல்ட் என்றிருந்தால் உங்கள் போர்டில் 7805 இருக்காது; அந்தக் கவலையும் இல்லை.

பேட்டரிக்கு 18650 வகை லித்தியம் செல் ஒன்று. அதன் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லாக இருந்தால், மீட்டரில் 2.5 வோல்ட்டுக்கும் கீழே காட்டுவதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். செல்லின் மீது நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது, ஹோல்டர் வாங்குங்கள். சார்ஜ் செய்ய டிபி4056 மாட்யூல். அதில் பாதுகாப்புச் சுற்று சேர்ந்தது, சேராதது என இரு வகை உண்டு. செல்லுக்கு இரண்டு, வெளியீட்டுக்கு இரண்டு எனத் தனித்தனி முனைகள் உள்ளதே பாதுகாப்புச் சுற்று உள்ளது. அதையே வாங்கி, பூஸ்டர்களை வெளியீட்டு முனைகளில் மட்டும் இணையுங்கள். செல்லின் முனைகளிலேயே இணைத்துவிட்டால் கருவி இயங்கும். செல் அளவுக்கு மீறி வடியும்போது தடுப்பதற்குத்தான் எதுவும் இருக்காது.

பூஸ்டருக்கு எம்டி3608 மாட்யூல்கள் இரண்டு: ஒன்று போர்டுக்கு 5 வோல்ட், மற்றொன்று திரைக்கு 12 வோல்ட். இதன் வெளியீடு 28 வோல்ட் வரை உயரக்கூடியது. கடையிலிருந்து வரும்போது எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே போர்டை இணைக்கும் முன், செல்லை மட்டும் இணைத்து, வெளியீட்டில் மீட்டரை வைத்து, நீல நிறப் பெட்டியில் உள்ள பித்தளைத் திருகைச் சுற்றுங்கள். தொடக்கத்தில் பல சுற்றுகளுக்கு மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். மாட்யூல் கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சுற்றிக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் எண் நகரத் தொடங்கும். அதன்பின் மிக மெதுவாக 5.0-க்குக் கொண்டுவந்து நிறுத்தி, திருகின்மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். பையில் குலுங்கும் கருவியில் அந்தத் திருகு தானாகத் திரும்பினால் சில்லு போய்விடும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்றில் ஏறத்தாழ 9.6 வாட்-மணி ஆற்றல் உண்டு. பூஸ்டரின் இழப்பு போக 8 என்று கொள்ளலாம். திரையும் போர்டும் சேர்ந்து 3 வாட் எடுப்பதாக மீட்டர் காட்டினால், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆடலாம். இதில் பெரும்பங்கைத் திரையே எடுத்துக்கொள்ளும். பல மானிட்டர்கள் 12 வோல்ட்டை உள்ளே மீண்டும் குறைத்தே பயன்படுத்துகின்றன என்பதால், திரைக்கான பூஸ்டரை 9 வோல்ட்டுக்குக் குறைத்தும் பாருங்கள். படமும் வெளிச்சமும் மாறாவிட்டால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் இணைத்து இயக்கியதும், மாரியோவின் நீல வானத்தில் மெல்லிய சாய்கோடுகள் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டிருக்கலாம். பூஸ்டர் நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடுவதால் எழும் இரைச்சல் அது. போர்டு, திரை, ஆம்பிளிஃபயர் மூன்றின் எதிர்முனைகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகக் கொண்டுசெல்லாமல், ஒவ்வொன்றையும் சார்ஜிங் மாட்யூலின் வெளியீட்டு எதிர்முனை வரை தனிக் கம்பியாக இழுத்துச் செல்லுங்கள். அத்துடன் 5 வோல்ட் பூஸ்டரின் வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை முனை மாறாமல் பற்றவையுங்கள். கோடுகள் முழுவதும் மறையாவிட்டாலும், ஆடும்போது கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும்.

நான்காம் படி பொத்தான்கள். ஆடும்போது கையில் பிடிக்கும் ரிமோட்டின் கம்பியில் 5 வோல்ட், எதிர்முனை, மூன்று சமிக்ஞைகள் என ஐந்து இழைகளே தேவை. கம்பியின் நிறங்களை நம்ப வேண்டாம்; மீட்டரின் பீப் ஒலியைக் கொண்டு ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் சரிபாருங்கள். ரிமோட்டின் போர்டைப் பாதியாக வெட்டித் திரைக்கு இருபுறமும் வைப்பது அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொத்தானுக்கு அடியில் கறுப்பாகத் தெரியும் கார்பன் பூச்சில் ஈயம் ஒட்டாது. அதற்குச் செல்லும் செம்புப் பாதையைச் சுரண்டி எடுத்துத்தான் கம்பி வைக்க வேண்டும். முதல் கருவியில் ரிமோட் போர்டை முழுதாகவே, அதன் ரப்பருடன், திரைக்குக் கீழே பொருத்துவது என் பரிந்துரை. கேசட் வாயையும் இடம் மாற்ற முயலாதீர்கள். அதில் 60 இணைப்புகள் உள்ளன. அது போர்டிலேயே இருந்து கருவியின் முதுகுப்பக்கம் திறக்கட்டும்.

ஒலிக்குப் பிஏஎம்8403 ஆம்பிளிஃபயர், பழைய பொம்மையிலோ ரேடியோவிலோ எடுத்த 8 ஓம் ஸ்பீக்கர், ஒலி அளவுக்கு 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஆகியவை போதும். ஸ்பீக்கரின் எந்த முனையையும் எதிர்முனையோடு சேர்க்கக் கூடாது. இந்த ஆம்பிளிஃபயரில் இரு முனைகளும் இயங்குபவை.

மேசையின்மேல் கம்பிகள் பரந்து கிடக்கும் இந்த நிலையிலேயே ஒரு முழுச் சார்ஜ் தீரும் வரை ஆடிப் பாருங்கள். அதுவரை உடலைச் செய்யத் தொடங்க வேண்டாம். உடலுக்கு, பிளைவுட் கடைகளில் மல்டிவுட் என்ற பெயரில் விற்கும் பிவிசி பலகையில் 6 மில்லிமீட்டர் துண்டைத் தேர்ந்தெடுக்கலாம். வெட்டுக்கத்தியால் கீறி ஒடிக்கலாம், திருகும் பிடிக்கும். அக்ரிலிக் பார்வைக்கு நன்று, ஆனால் துளையிடும்போது விரிசல் விடும். பின்பக்கப் பலகையை ஒட்டாமல் திருகில் நிறுத்துங்கள். செல்லுக்கு அருகே கூர்மையான திருகு முனை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் நம் பக்கம் நிறுத்திவைத்த காருக்குள்ளோ, வண்டியின் பெட்டிக்குள்ளோ இதை விட்டுச் செல்லக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: இந்தச் செய்முறையைப் பின்பற்றிய சிலர், செல்லைப் போட்டதும் டிபி4056-இன் வெளியீட்டில் ஒன்றுமே வரவில்லை என்று எழுதியிருந்தனர். பாதுகாப்புச் சுற்று சில சமயம் உறங்கிய நிலையிலேயே தொடங்கும். சார்ஜரை ஒரு முறை செருகி எடுத்தால் விழித்துக்கொள்ளும். சார்ஜ் செய்துகொண்டே ஆடினால் பச்சை விளக்கு வருவதே இல்லை என்ற கேள்வியும் வந்தது. சார்ஜ் மின்னோட்டம் குறைந்து வருவதைப் பார்த்துத்தான் அந்த மாட்யூல் நிறுத்துகிறது. கருவி தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் அது குறையாது. சார்ஜ் செய்யும்போது சுவிட்சை அணைத்துவையுங்கள்.

மற்றொரு பிற்சேர்க்கை: துப்பாக்கியைக் கொண்டு வாத்து சுடும் விளையாட்டு இந்தத் திரையில் இயங்காது. அந்தத் துப்பாக்கி பழைய குழாய் டிவியின் ஒளிர்வு நேரத்தைக் கணக்கிட்டு வேலை செய்வது. ஹெட்ஃபோன் சாக்கெட் வேண்டும் என்று கேட்டவர்கள், அதை ஆம்பிளிஃபயரின் வெளியீட்டில் இணைக்காமல், வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எடுத்துப் பாருங்கள்; சில போர்டுகளில் ஒலி சன்னமாக இருக்கும், அப்போது தனி ஹெட்ஃபோன் ஆம்பிளிஃபயர் தேவைப்படும்.